கேட்காமல் உட்கார்ந்தவர்

2007 ஜூலை 8, ஞாயிறு, துபாய்

காலை ஏழு மணிக்கே ஆபீஸ் ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. இன்று மூன்று சுற்றறிக்கைகள் எழுதினேன். மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருப்பதைப் பற்றி ஒன்று. அந்த இரண்டரை மணி நேரத்தை எங்கிருந்து ஈடுகட்டுவது என்பதைப் பற்றி ஒன்று. முதல் இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக யாரும் கருதவேண்டாம் என்று மூன்றாவது.

கட்டடம் கட்டுகிற கம்பெனியில் பதினோரு வருஷமாக நான் வாக்கியம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிர்வாக அதிகாரி என்று பெயர். யாரையாவது எச்சரிக்க, மாற்ற, நீக்க வேண்டுமென்றால் அதற்குரிய இங்கிலீஷ் என் மேஜையிலிருந்துதான் போகும். சந்திரகலா ஒரு முறை என் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைப் படித்துவிட்டு, "ஏங்க, இதப் படிச்சா திட்டு வாங்கினவனுக்கே பெருமையா இருக்கும் போலிருக்கே" என்றாள். மனைவியின் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 11, புதன்

நேற்று மாலை சைட்டில் காற்று. டவர் கிரேன் ஓட்டுபவர் தென்னாப்பிரிக்காக்காரர். பெக்கானி குமாலோ என்று பெயர், ஜூலு இனத்தவர் என்று பைலில் இருக்கிறது. பெரிய சென்ட்ரிங் பலகையைத் தூக்கச் சொல்லி பிராஜக்ட் மேனேஜர் சீதாராமன் வாக்கி-டாக்கியில் மூன்று முறை உத்தரவிட்டார். மூன்று முறையும் மேலிருந்து "நோ, சார்." கீழே கான்கிரீட் லாரிகள் வரிசையாக நின்றபடியே இறுகிப்போயின.

சீதாராமன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "அனந்து, மேல உக்காந்துண்டு எனக்கே நோ சொல்றான்யா. ஊரே பாக்கறது. அறுபது மீட்டர் ஒசரத்துல இருந்தா நான் என்ன எறும்பா?"

கட்டளை மீறல் என்று குற்றச்சாட்டு தயாரித்துவிட்டேன். விசாரணை சனிக்கிழமை. தலைவர், சீதாராமன். புகார் கொடுத்தவரே தலைவர் என்பதால் புகாரை அவருக்கு விளக்குகிற நேரம் மிச்சம். நிரூபணமானால் வேலை நீக்கம், ஒரு வருஷத்துக்கு இங்கே வேலைத் தடை, கிரேன் லைசென்ஸை ரத்து செய்யப் பரிந்துரை. கடைசிதான் கனமானது. அது போய்விட்டால் எந்த நாட்டிலும் அந்த ஆளை மேலே ஏற்றமாட்டார்கள்.

ஜூலை 14, சனி

விசாரணை நாற்பது நிமிஷம். இத்தனை தெளிவான வழக்கை நான் எழுதியதில்லை.

குமாலோ உள்ளே வந்தார். சலாம் இல்லை, குட் மார்னிங் இல்லை. எங்கள் எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை! சீதாராமன் முகம் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது. முப்பது வருஷ சர்வீஸ் எஞ்சினியர்கள்கூட இந்த அறையில் "உட்காரலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். சைட் தொழிலாளி மாயாண்டி போன்றவர்கள் உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்கள். இவர் உட்கார்ந்ததோடு சரி, அதன்பின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றச்சாட்டுத் தாளை நீட்டியபோது இரண்டு கைகளாலும் வாங்கினார். அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பொருத்தமாக இல்லை.

சாட்சி, கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற மாயாண்டி. "சார் மூன்று முறை சொன்னாரா?" "ஆமா சார்." போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

நடவடிக்கைக் குறிப்பில் எழுதியது: 'குற்றம் சாட்டப்பட்டவர் அழைப்பின்றியே ஆசனத்தில் அமர்ந்தார். விசாரணை முழுவதும் அதிகாரிகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முன்னதில் ஆணவமும் பின்னதில் குற்ற உணர்வும் புலனாயின.' இங்கிலீஷில் இன்னும் நன்றாக இருக்கிறது. கடைசியில் அவர் ஏதோ சொன்னார். நான் அப்போது 'புலனாயின' என்பதற்குச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, ஞாயிறு

வேலை நீக்கம். 28-ஆம் தேதி டர்பனுக்கு டிக்கெட். சீதாராமன் என் குறிப்பைப் படித்துவிட்டு, "இலக்கியம்யா" என்றார்.

ஜூலை 19, வியாழன்

மாயாண்டி லீவு பாரம் வாங்க வந்தார். பரமக்குடிப் பக்கம். வழக்கம்போல் நின்றார்.

"சார், குமாருக்கு டிக்கெட் போட்டாச்சாம்ல?"

"எந்தக் குமார்?"

"கிரேன் குமாரு சார். நம்ம குமாலோ. காத்துப் பொஸ்தகத்தப் பாத்துமா சார் போட்டீக?"

எந்தப் புத்தகம் என்றேன்.

"என்ன சார், ஒங்க முன்னாடிதான சொன்னாரு, கேபின்ல பொஸ்தகம் இருக்கு, காத்து எம்புட்டுன்னு எழுதி வச்சிருக்கேன்னு? நா வெளிய பெஞ்சுல இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. எனக்கு இங்கிலீசு அரகொற. ஒங்களுக்கு அந்தக் கொறை இல்லையே சார்."

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கேலியாக இருந்தால் தேவலை. நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

விசாரணையில் இதை ஏன் சொல்லவில்லை என்று அதட்டினேன். அதட்டுவதற்கு எனக்கு என்ன யோக்யதை? தெரியவில்லை, ஆனால் அதட்டினேன்.

"மூணு தடவ சொன்னாரான்னு கேட்டீக. ஆமான்னேன். காத்தடிச்சுச்சான்னு யாரு சார் கேட்டா?"

"அன்றைக்கு அவர் தூக்கியிருந்தால்?"

"இந்த லீவு பாரம் எனக்குத் தேவப்பட்டிருக்காது சார். பொட்டியிலயே போயிருப்பேன்."

பாரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரிய பலகைகளை மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் தூக்கக்கூடாது என்று கம்பெனிச் சுற்றறிக்கை ஒன்று உண்டு. பைலில் தேடி எடுத்தேன். 2005 மார்ச். எழுதியவன் நான்.

ஜூலை 20, வெள்ளி

அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்புக்குப் போனேன். குமாலோவின் அறையில் எட்டுக் கட்டில்கள், அவருடைய பெட்டி மட்டும் கட்டி வைத்திருந்தது. நான் நுழைந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, தரையில் கிடந்த பழப்பெட்டிக்கு இறங்கிக்கொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் பேசும்வரை அவர் பேசவில்லை.

அன்று ஏன் கேட்காமல் உட்கார்ந்தீர்கள் என்றேன்.

அவருக்குக் கேள்வி விளங்கவே சற்று நேரமாயிற்று. "நீங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தீர்கள். நான் நின்றால் என் தலை உங்கள் தலைக்கு மேலே இருக்குமே, சார்? பெரியவர் தலைக்கு மேல் நிற்பவன் சண்டைக்கு வந்தவன். உள்ளே வந்தால் சீக்கிரம் தாழ்ந்துவிட வேண்டும். அப்படித்தான் என் அப்பா வளர்த்தார்."

முகத்தைப் பார்க்காதது?

"பெரியவர் கண்ணுக்குள் பார்ப்பதா?" சிரித்துவிட்டார்.

பேசாமல் இருந்தது?

"நீங்கள் கேட்பீர்கள் என்று இருந்தேன். கேட்கவில்லை. கடைசியில் நானாகவே புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அன்று நான் செய்த மரியாதைக் குறைவு அது ஒன்றுதான்."

அந்த ஒன்றைத்தான் நான் எழுதவில்லை.

அந்த நாற்பது நிமிஷமும் அவர் எங்களுக்கு அவருடைய நாட்டின் உயர்ந்தபட்ச மரியாதையைச் செலுத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் வரிக்கு வரி அதைக் குற்றமாகப் பதிவு செய்திருக்கிறேன்.

பேச்சு வளர்ந்தது. ஜூலு என்றால் என் மனத்தில் ஈட்டியும் கேடயமும்தான். அதை நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். அவர் டர்பனில் தொழிற்கல்லூரியில் படித்தவர். "எங்கள் அடுத்த தெருவில் தமிழர்கள். சின்ன வயதில் காவடித் திருவிழாவுக்கு அம்மா கூட்டிப்போனாள். கன்னத்தில் ஈட்டி குத்திக்கொண்டு ஆடினார்கள். இந்த ஜனங்களிடம் ஜாக்கிரதையாக இரு என்றாள்" என்றார்.

ஜூலு என்றால் வானமாம். முதலில் அது ஒரு மனிதரின் பெயர். அவர் வழியில் வந்தவர்கள் அமாஜூலு, வானத்தவர்கள். பின்னால் ராஜ்யம் பெருகி, மற்றக் குலங்களும் அந்தப் பெயருக்குள் வந்திருக்கின்றன. குமாலோ அப்படி வந்த ஒரு குலம். வானம், மழை, காற்று எல்லாவற்றுக்கும் 'இஸுலு' என்ற அதே சொல்தான். அவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் குமாலோ என்று சொல்வதைவிட 'முன்துங்வா' என்பது சிறப்பு. குலத்து முன்னோர் பெயர். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. கோத்திரம்! இதைத் தெரிந்துகொள்ள, ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்த ஒருவரை நான் வேலை நீக்கம் செய்யவேண்டியிருந்தது.

அவருடைய மனைவி மாமனார் பெயரைச் சொல்லமாட்டாளாம். அந்தப் பெயரைப்போல ஒலிக்கிற மற்றச் சொற்களையும் தவிர்த்து வேறு சொல் போட்டுப் பேசுவாளாம். ஹ்லோனிபா என்று அதற்குப் பெயர். விநோதம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் அப்பா பெயர் வைத்தீஸ்வரன். என் அம்மா அறுபது வருஷம் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பஸ் ஏறி, கண்டக்டரிடம் "புள்ளிருக்குவேளூர் ஒண்ணு" என்றுதான் கேட்டாள். ஒரு கண்டக்டருக்கும் ஊரின் அந்தப் பழைய பெயர் தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் மொழியில் நாக்கால் சொடுக்குகிற மூன்று எழுத்துகள். ஒன்று நாம் 'அடப்பாவமே' என்று உச்சுக் கொட்டுவது. ஒன்று வண்டிக்காரன் மாட்டை ஓட்டக் கன்னத்தில் எழுப்புவது. மூன்றாவது எனக்கு வரவில்லை. நாம் இரக்கத்துக்கும் மாட்டுக்கும் ஒதுக்கியதை அவர்கள் இலக்கணத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

ஜூலை 21, சனி

சீதாராமனிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. காது கொடுத்துக் கேட்டார், பிறகு ஒரு நியாயமான யோசனை சொன்னார். நியாயமான யோசனைகள்தான் ஆபத்து.

"சரி, அவன் ஊர் வழக்கம் அப்படி. இப்போ நம்ம ஊர் வழக்கத்துக்கு வரட்டும். நாளைக்கு வந்து நிக்கட்டும், என் மூஞ்சியைப் பாத்து ஸாரி சொல்லட்டும். நீக்கத்தை வார்னிங்கா மாத்திடறேன். கலாஸ், முடிஞ்சுது."

புத்தகம்?

"அத விடுய்யா. அது வந்தா நான் அன்னிக்கு என்ன சொன்னேன்கிறதும் வரும். எனக்கும் மேல ஆள் இருக்கான்."

குமாலோவுக்குப் போன் செய்தேன். வேலை பிழைக்கும், ஒப்புக்கொள்ளுங்கள் என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

"செய்கிறேன் சார். நின்றுகொண்டு அவரை முறைப்பேன், அவமதிப்பேன், அவர் சந்தோஷப்படுவார். அது எனக்குச் சிரமமில்லை. ஆனால் காற்றுக்காக எப்படி ஸாரி சொல்வது? அடுத்த முறை காற்று வந்தால் அப்புறம் நான் என்ன சொல்வேன்?"

போனை வைத்துவிட்டு, 2005 மார்ச் சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஜூலை 22, ஞாயிறு

புத்தகத்தை எடுக்கப்போகிறேன்.

ஜூலை 23, திங்கள்

யாரை அனுப்புவது? குமாலோவைச் சைட்டுக்குள் விடக்கூடாது என்று உத்தரவு. எழுதியவன் நான். மாயாண்டி எடுத்தால் அடுத்த டிக்கெட் அவருக்கு. எனக்கோ நாற்பத்தொன்பது வயது, சர்க்கரை, மாடிப்படியிலேயே மூச்சு வாங்கும். இருந்தாலும் உத்தரவுகளை எழுதுகிறவனைத் தடுக்கும் உத்தரவு எதுவும் பைலில் இல்லை.

சந்திரகலாவிடம் சொன்னேன்.

"வேலைக்கு ஆபத்து வருமா?"

"வரும்."

கறிவேப்பிலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்ப வெள்ளச் சட்ட வேண்டாம். கிரீஸ் போகாது."

ஜூலை 24, செவ்வாய்

ஐந்தரை மணிக்கு சைட். புது ஆபரேட்டர் ஆறரைக்கு வருவார். பதினோராவது மாடி வரை லிப்ட். அதற்கு மேல் கிரேனின் எலும்புக்கூட்டுக்குள் ஏணி. நாலு ஏணி. மாயாண்டி பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்றேன். "நா காத்து வாங்க வாறேன் சார்" என்றார்.

இரண்டாவது ஏணியில் கீழே பார்த்துவிட்டேன்.

"கீழ பாக்காதீக சார். மேலயும் பாக்காதீக. கையப் பாருங்க. ஒரு கை, அப்பறம் மறு கை."

பதினோரு வருஷத்தில் எனக்கு யாரும் இத்தனை தெளிவான உத்தரவு கொடுத்ததில்லை. வானத்தவர் என்கிற பெயரைப் பற்றி மேலே ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கம்பியைப் பற்றித்தான் தோன்றியது.

கேபின் ஒரு டெலிபோன் பூத் அளவு. ஒரு தலையணை, தண்ணீர்ப் பாட்டில். பிளாஸ்டிக் உறைக்குள் கயிறு கட்டித் தொங்கிய நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, அதன் கீழே 'இஸுலு' என்று எழுதி அன்றைய வானத்தைப் பற்றி அவர் மொழியில் ஒரு சொல். அப்புறம் நேரம் போட்டுக் காற்றின் வேகம். கம்பெனி கேட்கவில்லை, சட்டம் கேட்கவில்லை, அவராகவே எழுதியிருக்கிறார்.

ஜூலை 10. மூன்றரைக்கு 38. மூன்றே முக்காலுக்கு 49. நாலுக்கு 56. நாலு பத்துக்கு 61. பக்கத்தில் இங்கிலீஷில்: 'சார் தூக்கச் சொல்கிறார். கொக்கிக்கு அடியில் ஆள்.'

அந்த ஆள் எனக்குப் பின்னால், ஏணியின் உச்சியில் நின்று, என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விழாமலிருக்க. நான் விழாமலிருக்க.

ஜூலை 26, வியாழன்

கம்பெனியின் சொந்தக்காரர், எல்லோருக்கும் அபூ ஈசா, எழுபது கடந்தவர். வியாழன் மாலையில் அவர் வீட்டு மஜ்லிஸ் என்கிற வரவேற்புக் கூடம் யாருக்கும் திறந்திருக்கும் என்று பதினோரு வருஷமாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். யாரும் போவதில்லை. சீதாராமனிடம் முன்கூட்டியே சொன்னேன். அவரும் வந்தார். குமாலோ, மாயாண்டி, நான்.

சுவரோரம் மெத்தைகள். குமாலோ உள்ளே வந்தார், உட்கார்ந்தார், தரையைப் பார்த்தார். சீதாராமன் வாசலருகே நின்றார். நானும் நின்றேன். மாயாண்டி நின்றார்.

அந்தத் தலைமுறை அரபுக்காரர்களுக்கு உருது தெரியும் என்பதால் உருதுவில் என் திருத்தத்தை வாசித்தேன். குறிப்பில் நான் எழுதியது தவறு, அவர் உட்கார்ந்தது அவமரியாதை அல்ல, அவர்கள் வழக்கப்படி... என்று இரண்டாம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அபூ ஈசா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வந்தவன் உட்காரத்தானே செய்வான்? இதில் என்ன குற்றம்? ஒருத்தன் என் வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே இருந்தால் போலீஸ்காரன் என்று நினைப்பேன்." பிறகு எங்கள் மூவரையும் பார்த்தார். "நீங்கள் ஏன் நிற்கிறீர்கள்?"

அன்று என் அறையில் நடந்த அவமதிப்பு இந்த நாட்டுச் சரக்கும் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததும் இல்லை. முழுக்க முழுக்கத் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நானும் மயிலாப்பூரிலிருந்து சீதாராமனும் கொண்டுவந்து இறக்கியது.

உட்கார்ந்தோம். மாயாண்டி கடைசியாக, மெத்தையின் விளிம்பில்.

கிழவர் நோட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்து எண்களைப் படித்தார். சிறுவயதில் படகில் போனவர் என்று பிறகு சொன்னார்கள். "அறுபத்தொன்று" என்றார். "இதில் பாய்மரத்தையே இறக்கிவிடுவோம். கீழே நின்றது யார்?"

மாயாண்டி சட்டென்று எழுந்தார். எழுந்தது தப்போ என்று பயந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "மே, சாப்."

சீதாராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "லாரிகள் காத்திருந்தன" என்றார், யாரையும் பார்க்காமல். இன்று அவர் முறை.

ஜூலை 28, சனி

டிக்கெட் ரத்து. நீக்க உத்தரவு ரத்து. என் குறிப்பைப் பைலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை. மேலே 'இதை எழுதியவர் கவனிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அங்கேயே வைத்தேன்.

ஆறரை மணிக்குக் குமாலோவின் கிரேன் திரும்பியது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து தெரிகிறது. பதினோரு வருஷமாக ஏதாவது ஒரு கிரேன் தெரிந்திருக்கவேண்டும்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

தவறு நடந்திருப்பதால் யாராவது ஒருவருக்கு எச்சரிக்கை போகவேண்டும். யாருக்கும் போகவில்லை, ஆகவே எனக்கு மாற்றல் வந்தது. தோஹா கிளை, தொழிற்பேட்டை. 'மனிதர்களை அனுசரிக்கும் ஆற்றல்' எனக்கு இருப்பதாகக் கடிதத்தில் இருக்கிறது. சீதாராமன் கையெழுத்து. வாக்கியம் சுமார்.

சந்திரகலா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றுகிறாள். "அங்க எத்தன மாடிங்க?" என்றாள். கிடங்கு, தரைதான் என்றேன். "நல்லது" என்றாள்.

நவம்பர் 13, செவ்வாய், தோஹா

இன்று இங்கே என் முதல் விசாரணை. போர்க்லிப்ட் ஓட்டும் பழனிச்சாமி, டூட்டியில் இல்லை என்று புகார். புகார் கொடுத்தவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன். பழனிச்சாமி வந்து, கைகட்டி, தலைகுனிந்து நின்றார். உட்காருங்கள் என்றேன். "பரவால்லீங்க." மறுபடி சொன்னேன். "இருக்கட்டுங்க." மூன்றாவது முறை சொல்லாமல் நானே எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்தால்தான் நானும் உட்காருவேன் என்று புரிந்துகொண்டார். சட்டென்று உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

குறிப்பு முழுவதும்: 'வந்தார். உட்கார்ந்தார். கேட்டேன். சொன்னார். எழுதினேன்.' அதன் கீழே அவர் சொன்னது, அவர் சொன்னபடி, ஒன்றரைப் பக்கம்.

மாலையில் துபாயிலிருந்து எஸ்.எம்.எஸ். 'காற்று 54. நோ சொன்னேன். சீதாராமன் சார் ஓகே என்றார். மாயாண்டி கீழே டீ குடிக்கிறார்.'